வாரிக் டன்னிக்ளிஃபின் திருட முடியாத வண்டி

உலகத்தில் திருடுகிறவர்கள் உண்டு, திருட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல் நடுவில் நின்று இருவரையும் விடச் சந்தோஷமாக இருக்கிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அந்த இனத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். உங்கள் சைக்கிள் காணாமல் போன அன்று, போலீஸ் வருவதற்கு முன்னால், நீங்கள் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுவதற்கு முன்னால், வாசலில் வந்து நிற்பார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொள்வார். சைக்கிள் நின்ற இடத்தைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், மறுபடியும் அந்த இடத்தைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், கடைசியில் வாயைத் திறந்து, "பூட்டினீங்களா?" என்பார். திருடன் யார் என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. திருடன் பாவம், அவன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறான். வேலையில் கோட்டை விட்டது நீங்கள்தான்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு வடக்கே பாங்க்சியா தெருவில் இந்த இனத்தின் சார்பாக வசிப்பவர் வாரிக் டன்னிக்ளிஃப். தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தெருக்காவல் குழுவின் அமைப்பாளர். அந்தப் பதவிக்கு அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் எதிர்க்கவும் இல்லை. எதிர்த்தால் காரணம் கேட்டு வீட்டுக்கே வந்துவிடுவாரே! பேரன் முதல் பிரதமர் வரை எல்லோர் பெயரையும் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிற நாடு இது. ஆனால் வாரிக்கின் பெயரை இதுவரை ஒருவரும் சுருக்கியதில்லை. அதற்குக்கூட அவர்மேல் கொஞ்சம் பிரியம் வேண்டும் அல்லவா?

அவருடைய மனைவி க்ளெனிஸ், முப்பத்தாறு வருஷமாக அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர். கொலைக்குக்கூட நீதிமன்றங்கள் இதைவிடக் குறைந்த வருஷங்கள்தான் தண்டனை கொடுக்கின்றன.

வாரிக்கிடம் மூன்று கேள்விகள் உண்டு. "பூட்டினீங்களா? சாவி எங்க இருந்துச்சு? கடைசியா யார் கையில இருந்துச்சு?" ஒன்பதாம் நம்பர் வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் போனபோதும் இதே மூன்று. மூன்றாம் நம்பர் வீட்டுக் கூரையிலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மையை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள், அந்த வீட்டுக் குழந்தை விக்கி விக்கி அழுதுகொண்டிருக்கும்போது, குனிந்து அதன் முகத்தைப் பார்த்து, "தாத்தாவுக்குச் சங்கிலி போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார் மனுஷர். கேட்டுவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் மேலே அவருக்கு ஒரு மதம் இருந்தது. அதன் பெயர் இம்மொபிலைசர், காருக்குள் இருக்கிற திருட்டுத் தடுப்புக் கருவி.

"சாவியோட கறுப்புத் தலைக்குள்ள அரிசி மணியளவு ஒரு சில்லு இருக்கு" என்று ஆரம்பிப்பார். கேட்டவர் சாவியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார், கொத்தமல்லித் தழை இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார். "சாவித் துவாரத்தைச் சுத்திச் செப்புக் கம்பிச் சுருள் ஒண்ணு. சாவியைத் திருப்பினதும் அந்தச் சுருள் சில்லைப் பாத்து, 'நீ யாரு?'ன்னு கேக்கும். சில்லு தன்னோட ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியா இருந்தாத்தான் இஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும், பொறியை விடும். இல்லேன்னா ஸ்க்ரூடிரைவரைச் சொருகு, கம்பியைப் பிச்சுக் கோத்துப் பாரு, தலைகீழா நில்லு, வண்டி அசையாது. இப்பல்லாம் காரைத் திருட முடியாது, சாவியைத்தான் திருட முடியும். கார் போச்சுன்னு ஒருத்தர் சொன்னா, சாவியை எங்கேயோ போட்டுட்டு வந்தாங்கன்னு அர்த்தம். மூணாவது வழியே கிடையாது."

இதில் பெரும்பாலும் உண்மைதான். அதுதான் கஷ்டம். முழுப் பொய் சொல்பவரை ஒரு வார்த்தையில் மடக்கிவிடலாம். முக்கால் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அதனால் மற்றவர்கள் மண்டையில் அடிப்பவரை என்ன செய்வது?

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ரோண்டாவின் கார் போயிற்று.

ரோண்டா வாரிக்குக்கு அடுத்த வீடான பதினோராம் நம்பரில் தனியாக இருப்பவர். தள்ளாத வயதுக்காரர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சூப் சுடவைத்துக் கொடுப்பது வேலை. பதினோரு கிழவர் கிழவிகளின் வாசல் சாவிகள் ஒரே வளையத்தில் அவரிடம் இருந்தன. அவருடைய சின்னச் சிவப்புக் கார் பழசு, மூன்றாம் கைக்கு வந்தது. கடை வாசலில் பட்டப்பகலில் நிறுத்திவிட்டு முட்டை வாங்கப் போனார். திரும்பி வந்தால் கார் இல்லை. கார் சாவி அவர் கையிலேயே இருந்தது.

அவர் வீடு வந்து சேர்ந்ததும் வாசலுக்கு வாரிக் வந்தார். கையை இடுப்பில் வைத்தார்.

"பூட்டினியா?"

"பூட்டினேன், வாரிக். சாவி இதோ இருக்கு."

"இன்னொரு சாவி?"

"வாங்கும்போதே ஒண்ணுதான் குடுத்தாங்க. ரெண்டாவது தொலைஞ்சு போச்சுன்னாங்க."

"ஆ!" என்றார் வாரிக். அந்த 'ஆ'வில் இருந்த ஆனந்தத்தை க்ளெனிஸ் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். கல்யாணத்தன்றுகூட மனுஷர் அப்படி ஒரு 'ஆ' சொன்னதில்லை. "ரெண்டாவது சாவி கார்லயே எங்கேயோ கிடந்திருக்கு. நீ பாக்கல. திருடன் பாத்துட்டான்."

இதோடு நின்றிருந்தால் வழக்கமான வாரிக்தான். ஆனால் அன்று சாயங்காலமே ரோண்டாவின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சொந்தக் கார்ச் சாவி எங்கே கிடக்கிறது என்று தெரியாதவரிடம் பதினோரு முதியவர்களின் வீட்டுச் சாவிகளைக் கொடுத்துவைப்பது சரியா என்று, ஒரு பொறுப்புள்ள குடிமகனாக, மிகுந்த வருத்தத்துடன் கேட்டிருந்தார். அந்த வருத்தத்தைச் சீட்டியடித்துக்கொண்டே தட்டச்சு செய்தார்.

அலுவலகம் சாவி வளையத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். தொண்ணூற்றொரு வயது ஆல்காட் கிழவர், ரோண்டா வந்தால்தான் குளிப்பேன் என்று நான்கு நாளாகக் குளிக்கவில்லை என்று கேள்வி.

சனிக்கிழமை தெருக்காவல் குழுவின் கூட்டம். கூட்டம் என்றால் பூங்காவில் இரும்புத் தட்டில் சாஸேஜ் சுட்டு, வெள்ளை ரொட்டியில் வெங்காயத்தோடு மடித்துத் தின்றுகொண்டே வாரிக் பேசுவதைச் சகித்துக்கொள்வது. இந்தத் தடவை ரோண்டாவின் மேலாளர் ஹால்பின் அம்மையாரையும் வாரிக் வரவழைத்திருந்தார். சில்லு இல்லாமல் வண்டி கிளம்பாது என்று நேரில் நிரூபித்துக் காட்டப் போகிறாராம். தம்முடைய வெள்ளை யூட்டை, பின்பக்கம் திறந்த அந்தச் சின்னச் சரக்கு வண்டியை, கழுவித் துடைத்துப் புல்லின் நடுவில் நிறுத்தினார்.

அன்று காலை சமையலறை மேஜையில் க்ளெனிஸ் ஒரு சாவியைப் பார்த்தார். சில்லு இல்லாத மொட்டை இரும்புச் சாவி.

"இது எதுக்கு?"

"டிராயர்ல கிடந்துச்சு. யூட்டோட சாவிதான், வெறும் இரும்பு. கதவு திறக்கும், துவாரத்துல திரும்பும், ஆனா இஞ்சின் கிளம்பாது. ஜனங்க கண்ணால பாக்கட்டும்."

க்ளெனிஸுக்கு அந்தச் சாவியைத் தெரியும். நான்கு கோடைக்கு முன்னால், வாரிக்கின் முழங்கால் வலிக்குக் கடலில் நீந்தச் சொன்னார் டாக்டர். சில்லுச் சாவியைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. அலைச்சறுக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் செய்வதுபோல டயர்மேல் வைத்துவிட்டுப் போகலாம் என்றால், டயர்மேல் சாவி வைப்பவன் முட்டாள் என்று வாரிக்கே ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஆகவே ஒரு தந்திரம் செய்தார். இரும்புச் சாவி ஒன்றை வெட்டிக் கழுத்தில் கயிற்றில் மாட்டிக்கொண்டார். சில்லுச் சாவி இரண்டில் ஒன்றை ஸ்டீயரிங் தண்டின் கீழ்மூடிக்குள், அந்தச் செப்புச் சுருளை ஒட்டினாற்போல, கறுப்பு டேப்பால் சுற்றி ஒட்டினார். டார்ச் அடித்தது க்ளெனிஸ். மூன்று ஞாயிற்றுக்கிழமை நீந்தினார். நான்காவது வாரம் ஜெல்லிமீன் கொட்டியது. நீச்சல் போயிற்று, கயிறு போயிற்று, டேப் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து சில காலைகளில், கையிலிருக்கும் சில்லும் ஒட்டிய சில்லும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, சுருள் குழம்பி, வண்டி முரண்டு பிடிக்கும். வாரிக் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார்.

"வாரிக், அந்தச் சாவி..."

"க்ளெனிஸ், இப்ப வேண்டாம். நான் பேச்சைத் தயார் பண்ணிட்டிருக்கேன்."

பூங்காவில் மேஜை விரிக்கும்போது க்ளெனிஸ் மறுபடியும் ஆரம்பித்தார். "நீ நீச்சலுக்குப் போனியே, ஞாபகம் இருக்கா..."

"நீச்சலா? இப்ப எதுக்கு நீச்சல்? சாஸ் புட்டியை எடுத்து வை."

ஜனங்கள் கூடினார்கள். சில்லு, சுருள், ரகசிய எண் எல்லாம் வந்து போயின. சாஸேஜ் கருகியது. பிறகு வாரிக் அந்த இரும்புச் சாவியை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தச் சாவியால யாராவது இதை ஸ்டார்ட் பண்ணிட்டீங்கன்னா, இங்கேயே, இப்பவே, நான் அமைப்பாளர் பதவியை விட்டுடறேன்!" கூட்டத்தில் சிலர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "யார் வர்றீங்க? ரோண்டா, நீ வா. உனக்குத்தான் இது ரொம்ப அவசியம். நீயே உக்காந்து, நீயே திருப்பிப் பாரு."

ரோண்டாவுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், தன்மேல் சுமத்திய குற்றத்தைத் தானே நிரூபித்துக் காட்ட வேண்டும். எழுந்தார். ஹால்பின் அம்மையார் தம் காகிதத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

க்ளெனிஸுக்குப் பொறுக்கவில்லை. "வாரிக், ஒரு நிமிஷம், நான் சொல்றதைக்..."

"க்ளெனிஸ்! இப்ப வேண்டாம்னு சொன்னேன்ல!"

மூன்று தடவை ஆயிற்று. நான்காம் தடவை சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. க்ளெனிஸ் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

ரோண்டா ஏறினார். சாவியைச் சொருகினார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

வண்டி நாலு வருஷத்தில் இவ்வளவு நன்றாகக் கிளம்பியதே இல்லை. ஒரே சில்லு, ஒரே பதில், சுருளுக்குக் குழப்பமே இல்லை. இஞ்சின் உறுமியது, கூடவே ரேடியோவில் குதிரைப் பந்தய வர்ணனையும் அலறியது.

"அணை! அதை அணை!" என்று வாரிக் ஓடினார். "பேட்டரி... இது பேட்டரிக் கோளாறு!"

"பேட்டரி கோளாறுன்னா கிளம்பாதேப்பா" என்றார் ஒன்பதாம் நம்பர்க்காரர், வாய் நிறைய ரொட்டியோடு.

க்ளெனிஸ் விரலில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலை நக்கிவிட்டு எழுந்து போனார். ரோண்டாவின் முழங்காலுக்கு மேலே கையை விட்டு, ஸ்டீயரிங் தண்டின் கீழ்மூடியை இழுத்து, கறுப்பு டேப் சுற்றிய ஒன்றைப் பிய்த்து எடுத்தார். எல்லோருக்கும் தெரியும்படி டேப்பை நிதானமாகச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். உள்ளே கறுப்புத் தலைச் சாவி. "கடலுக்குப் போறப்ப ஒட்டினது" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

அந்தச் சுருளுக்குக் காது உண்டு, கண் கிடையாது. சில்லு பதில் சொன்னால் போதும், அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்காது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாரிக் எந்தப் பேச்சிலும் சொன்னதில்லை.

"வாரிக்" என்றார் க்ளெனிஸ், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "சாவி எங்க இருந்துச்சு?"

வாரிக் கீழே விழுந்து கிடந்த டேப்பைப் பார்த்தார்.

"கடைசியா யார் கையில இருந்துச்சு?"

வாரிக் டன்னிக்ளிஃப் தம் நோட்டைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். ஒரு குழந்தை கைதட்டியது. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பறிகொடுத்த அதே குழந்தை.

ஹால்பின் அம்மையார் நிமிர்ந்தார். "ரோண்டா, உங்க காரோட ரெண்டாவது சாவி வரவே இல்லைன்னீங்கல்ல. உங்களுக்கு முன்னாடி அந்தக் காரை வெச்சிருந்தவர் கடலுக்குப் போறவரோ?"

"கார் கூரைமேல அலைச்சறுக்குப் பலகை கட்ற கம்பி இருந்துச்சு" என்றார் ரோண்டா. "நான் கழட்டவே இல்லை."

"அப்படின்னா அந்தச் சாவியும் இதே மாதிரி உள்ளேயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சோ, யார் கண்டா! திருடனுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதுமே." அம்மையார் கைப்பையிலிருந்து வாரிக்கின் கடிதத்தை எடுத்தார், அதைக்கொண்டு விரலில் வழிந்த தக்காளிச் சாஸை நன்றாகத் துடைத்தார், குப்பைத் தொட்டியில் போட்டார். பையைத் துழாவி அந்தச் சாவி வளையத்தை எடுத்து ரோண்டாவின் மடியில் வைத்தார். "நாளைக்கே போங்க. ஆல்காட் குளிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரங்க புகார் பண்றாங்க."

ரோண்டா ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். பந்தயக் குதிரைகள் கடைசி வளைவில் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் ரேடியோவை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு வாரிக் திருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் ஒரு துண்டுப் பிரசுரம் விழுந்தது. தலைப்பு: ஒட்டி வைத்த சாவி, ஒளிந்திருக்கும் அபாயம். "நம் தெருவில் உள்ள ஒரு வீட்டில்" இந்த அறிவீனம் நடந்ததாக எழுதியிருந்தார். யாராவது நேரில் கேட்டால், "வேணும்னுதான் செஞ்சு காட்டினேன், அப்பத்தானே மண்டையில ஏறும்" என்கிறார். ராஜினாமாக் கடிதம் இன்னும் தயாராகவில்லை; எழுதுவதற்கு நேரமில்லையாம். ரோண்டா வேறு கார் வாங்கியதும் முதல் ஆளாகப் போய் நின்று, எத்தனை சாவி என்று கேட்டுவிட்டு வந்தார். ஒரு மாற்றம் மட்டும் உண்மை. க்ளெனிஸ் "வாரிக்" என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன மாதம் உங்கள் நண்பர் பஸ்ஸில் போனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றாரே, அவரிடம் நீங்கள் முதலில் சொன்னது "அடப் பாவமே" என்றா, "பத்திரமா வெச்சுக்க வேணாமா?" என்றா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். யோசிக்கும்போதே, உங்கள் வீட்டு வாசற்கதவின் இன்னொரு சாவி இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பு அலமாரிக்குள்ளா, பூந்தொட்டிக்கு அடியிலா, மீட்டர் பெட்டிக்கு மேலேயா?

இப்போது உங்கள் கண் எந்தப் பக்கம் போயிற்று என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் டார்ச் அடித்தவர் ஒருவர் இருப்பார். அவர் கேட்பார்.