அத்தையின் ஜெபமும் இருபத்தொரு மௌனங்களும்

இதைத் தமிழில் எழுத ஒரே காரணம், என் மாமியாருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சித்தூரில் தெலுங்குப் பள்ளியில் படித்தவர், பைபிளும் தெலுங்கில்தான். அந்தத் தைரியத்தில், பத்து மாதமாகத் தொண்டையில் முள்ளாய் நிற்பதைக் கக்கிவிடுகிறேன். (மனைவி கிரேஸுக்குத் தமிழ் படிக்க வரும். ஆனால் நான் எழுதுவதைப் படிக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.)

என் மாமனார் சபையில் பாட்டு நடத்தியவர். தன் குரலைத் தானே பதிந்துவைத்த இருபத்திரண்டு கேசட்டுகளை விட்டுவிட்டுப் போனார். முதல் வருட நினைவு நாளில் அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்றார் அத்தை. நான் விடுவேனா? கவிதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது!

திருப்பதியில் வேலை முடிந்து வந்ததும், மாலைக்கு ஒரு கேசட். ஓடவிட்டு லேப்டாப்பில் பதிவேன். லேப்டாப்பில் இடம் கிடையாது. அதனால் தனி பிளக் வைத்த பெரிய ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருப்பதை அழிப்பேன். கடைசியில் எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு ஃபைல். அளவும் சரி. கேசட்டுகளைப் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போட்டு ஒரு முறம் வாங்கினேன். அழகான பச்சை முறம்.

நினைவு நாளுக்கு மூன்று நாள் முன்பு, சும்மா ஒன்றைத் திறந்தேன். நொடிகள் ஓடின. சத்தம் இல்லை. ஸ்பீக்கரைத் தட்டினேன். ஹெட்போன் மாட்டினேன். அடுத்த ஃபைல், அதற்கடுத்தது. ஒரு மணி நேரம், ஒரு மணி நேரமாக, மழை நின்ற ஓட்டு வீடு போல அமைதி. ஒரே ஒரு ஃபைலில் மட்டும் யாரோ இருமினார்கள். பக்கத்து அறையில் அத்தை யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஞாயித்துக்கெழமை வந்துடு. அவரு பேசப் போறாரு."

ஒயரை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். மறுநாள் டிஸ்கைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போவது போல பஸ்ஸில் மடியில் வைத்துத் திருப்பதிக்குப் போனேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் கோபி அரை மணி நேரம் நோண்டினான்.

"டிஸ்க் நல்லா கீது சார். ஃபைல் பேரு கீது, சைஸ் கீது. உள்ள ஏமி லேது. எல்லாம் ஜீரோ."

"எப்படிப்பா?"

"காப்பி முடிஞ்சிச்சுன்னு காட்டும் சார். ஆனா உள்ள கொஞ்ச நேரம் எழுதிக்கினுதான் இருக்கும். அதுக்குள்ள கரெண்ட புடுங்கிட்டா இப்டிதான், கம்முனு போயிடும். இது ஒண்ணு மட்டும் பொழச்சிகீது. அன்னிக்கு வீட்ல யாரு இல்ல?"

தேதியைப் பார்த்தேன். அன்று அத்தை பாலசமுத்திரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கூடத்தில் எந்த சுவிட்சும் போட்டிருக்கக் கூடாது. ஆண்டவர் பேசும்போது ஃபேன் பேசக் கூடாது என்பது அத்தையின் சட்டம். தினமும் என் டிஸ்க் செருகியிருந்த சுவிட்ச் போர்டில் கையை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்.

"முடிஞ்சுதா மாப்ள?"

"முடிஞ்சுது அத்தை!"

டப்.

இருபத்தொரு மாலை. இருபத்தொரு டப். ஒவ்வொன்றுக்கும் உத்தரவு கொடுத்தது என் வாய்.

"யாரு சார் புடுங்கினது?" என்றான் கோபி.

"யாரோ" என்றேன்.

ஞாயிறன்று கூடம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். பிழைத்த ஒன்றை ஓடவிட்டேன். முதலில் இருமல். பிறகு மாமனார்: "ஹலோ... ரெகார்ட் ஆவுது பாரு. சுசீலா, ஒரு வார்த்த பேசு." இளம்பெண்ணாக அத்தையின் குரல்: "ஐயோ, எனக்கு வெக்கமா கீது. அத அமுத்திட்டு சோறு துன்ன வா நீ!"

கூடமே சிரித்தது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டும் செய்தார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"மிச்சம் இருவத்தொண்ணு எங்க மாப்ள?"

உண்மை நாக்கின் நுனியில் இருந்தது. அந்தக் கைகளைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தன.

"ஒயர் கோளாறு அத்தை. நான்தான் சரியா பாக்கல."

மைத்துனன் சாமுவேல் வாயைத் திறந்தான். "உடுமா. நைனா குரல் போனா என்னா, மாமா வாங்கின மொறம் பத்திரமா கீதுல்ல?"

அன்றிலிருந்து எங்கள் உறவில் யாரும் என்னிடம் கல்யாணப் பத்திரிகையைக்கூட நம்பிக் கொடுப்பதில்லை. அத்தை ஒருநாளும் திட்டியதில்லை. தினமும் ஏழு மணிக்கு, ஃபேன் நின்ற புழுக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு மன்றாடுகிறார்: "ஆண்டவரே, எங்க மாப்ளைக்குக் கொஞ்சம் கவனத்தக் குடுங்க. பொருள பத்தரமா வெக்கிற புத்தியக் குடுங்க."

எல்லாரும் ஆமென் என்கிறார்கள். அவர்களைவிடச் சத்தமாகச் சொல்வது நான்தான்.