எழுந்து நின்ற பாட்டில்

இந்த ஞாயிறு குடித்தே தீருவது என்று ஒரெஸ்தே முடிவு செய்தார்.

அவருக்குக் கல்யாணமான வருஷத்துப் பரோலோ ஒயின். நிலவறையில் ஒரே ஒரு பாட்டில் மிச்சம். மகள் கல்யாணத்தில் திறக்கலாம் என்றார். "இன்னும் பெரிய நாள் வரும்" என்றாள் மனைவி டெல்ஃபீனா. பேரன் பிறந்தபோதும் அதே பதில். பெரிய நாள் வருவதற்குள் தன் கடைசி நாள் வந்துவிடுமோ என்று ஒரெஸ்தேவுக்குக் கவலை. அந்த ஒயினைக் கனவில் மட்டும் பலமுறை குடித்திருந்தார். கனவிலும் கடைசி மிடறுக்குள் அவள் எழுப்பிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை அவளே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஆல்பாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். சாயங்காலம்தான் வருவேன்."

அன்றே நிலவறைக்கு ஓடினார். படுத்துக் கிடந்த பாட்டிலை உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தார். பழைய ஒயினில் வண்டல் அடியில் இறங்க வேண்டுமே!

ஞாயிறு காலை அவள் கிளம்பியதும், நொறுங்கும் தக்கையை மெல்லப் பிடுங்கினார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து, வண்டல் கலங்காமல் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினார். வாடிய ரோஜா வாசம் எழுந்தது. நாக்கு ஊறியது. ஆனாலும் தொடவில்லை. பழைய ஒயினைச் சில மணி நேரம் காற்றாட விடாமல் குடிப்பது பாவம் அல்லவா? கன்னத்தில் கை வைத்து, குடுவையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பிற்பகல். ஒரு கோப்பை ஊற்றி உதட்டருகே கொண்டுபோனார். கதவு திறந்தது. டெல்ஃபீனா. பின்னால் அவளுடைய மூன்று அண்ணன்கள்.

"நீ... ஆல்பா போகலையா?"

"பெரியண்ணன் வீட்லதாங்க இருந்தேன். இன்னைக்கு அவருக்குப் பிறந்தநாள். நேத்து உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போனப்பவே பார்த்துட்டேன். படுத்திருந்த பாட்டில் எழுந்து நின்னா, வீட்டுக்காரர் மனசுல என்ன ஆசைன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா யாரு பக்குவமா வடிச்சு வைப்பா? வேளை வராம நீங்க ஒரு சொட்டுகூடத் தொட மாட்டீங்க. அந்த நம்பிக்கையிலதான் இவங்களை மெதுவா கூட்டிட்டு வந்தேன்."

அவர் கையிலிருந்த கோப்பை பெரியண்ணன் பத்தீஸ்தாவிடம் போனது. அவர் ஒரே மடக்கில் விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா புது ஒயின் மாதிரி வராது."

குடுவை ஒரு சுற்றில் காலியானது. ஒரெஸ்தே ஏக்கத்தோடு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் வண்டல் மட்டும் இருந்தது.

"அதுல வாயை வெச்சிடாதீங்க," என்றாள் டெல்ஃபீனா. "நாளைக்கு மாட்டுக்கறி வேக வைக்க அந்த வண்டல் வேணும்."