வெர்பேட்டிம் எனக்குப் பெண் கேட்ட கதை

நீலகிரி மலையில் உண்மை பேசுகிறவர்கள் பலர் உண்டு. அடுத்தவர் பேசியதை அப்படியே பேசியவர் ஒரே ஒருவர்தான். குன்னூரில் நான் வேலை பார்த்த தேயிலை ஏலக் கம்பெனியின் ஸ்டெனோ அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்றபடி மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் வெர்பேட்டிம்தான்.

அந்த லத்தீன் சொல்லை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. வெர்பம் என்றால் சொல். வெர்பேட்டிம் என்றால் சொல்லுக்குச் சொல், கூட்டாமல் குறைக்காமல். ‘கிட்டத்தட்ட வெர்பேட்டிம்’ என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. கிட்டத்தட்ட உயிரோடு இருக்கிறார் என்று சொல்வீர்களா என்று பிடித்துக்கொள்வார். சாராம்சம் என்பது அவரைப் பொறுத்தவரை சாற்றைத் தான் குடித்துவிட்டுச் சக்கையை அடுத்தவனிடம் நீட்டுவது. பேசியவர் நடுவில் இருமியிருந்தால் இவரும் இருமுவார். இருமல் சொல்லில் சேராதே என்று ஒருமுறை கேட்டேன். சொல்லுக்கு நடுவில் வந்ததைத் தள்ளிவிட நான் யார் என்றார்.

‘நேத்து மாதிரி கழனித்தண்ணி கொடுத்தா டம்ளரை அவன் தலையிலயே கவுத்துருவேன்னு சொல்லு’ என்று மேனேஜர் ஒருநாள் கோபத்தில் கத்தினார். வெர்பேட்டிம் நேராக டீக்கடைக்குப் போய், மேனேஜர் குரலிலேயே, கடைசியில் இருந்த ‘சொல்லு’வையும் விடாமல் ஒப்பித்துவிட்டு இரண்டு டீ கேட்டிருக்கிறார். தேயிலை ஏலம் போடும் கம்பெனி ஒரு வாரம் டீயைக் கண்ணால் பார்க்கவில்லை.

அவர் மகள் படித்த பள்ளியின் ஆண்டு விழாவில் ஒரு பிரமுகர் கழிப்பறை கட்டித் தருவதாக முழங்கிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டும் அவரே தலைமை. வரவேற்புரை வெர்பேட்டிமுக்கு. மைக்கைப் பிடித்தவர், பிரமுகரின் போன வருஷப் பேச்சை ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’கில் தொடங்கி, ‘எங்கப்பா நம்ம காரு?’ வரைக்கும் முழுசாகப் பேசிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. அடுத்த மழைக்காலத்துக்குள் கழிப்பறை எழும்பிவிட்டது.

இப்பேர்ப்பட்ட மனிதரைப் பெண் கேட்க யாராவது கூட்டிப்போவார்களா? நான் போனேன்.

பெண் சுகன்யா. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். எங்கள் காதல் அவள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை நேரில் வந்து பேசுங்கள், சரிப்படாவிட்டால் கோயம்புத்தூர் வரனுக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஆபீசிலிருந்தும் ஒருவர் வரவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. தேன் ஒழுகப் பேசும் மேனேஜர் வருவதாக இருந்தார். அன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல். தனக்குப் பதிலாக வெர்பேட்டிமை அனுப்பிவிட்டார். அவரைக் கண்டதும் காய்ச்சல் எனக்கு வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த என் தாய்மாமன், வழியில் பர்லியாரில் வாங்கிய மங்குஸ்தான் பழங்களைத் தட்டில் அடுக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அவர். ஊட்டி காந்தலில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறதாம். அடுத்த வருஷம் நான்தான் மேனேஜராம். சுகன்யாவின் அப்பா முகத்தில் அசைவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெர்பேட்டிம் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, எங்களைப் பத்தி மாப்பிள்ளைப் பையன் ஆபீசுல என்னங்க பேசுவாரு?”

“வெர்பேட்டிமா சொல்லட்டுங்களா?”

“அப்படீன்னா?”

“லத்தீனுங்க. அவரு சொன்னது சொன்னபடி. நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

“அப்படியே சொல்லுங்க” என்றார் அப்பா. மாமாவுக்கு மிக்ஸர் புரையேறியது. வெர்பேட்டிம் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். என் குரல் அவர் வாயிலிருந்து வந்தது.

“‘அந்த மனுசன் மொறைச்சா தெரு நாயே வாலைச் சுருட்டிக்குதுங்க.’”

விளையாட்டுக்குச் சொன்னதுங்க என்று மாமா எழுந்தார். இன்னும் முடியலைங்க என்று அவரை உட்கார வைத்துவிட்டு வெர்பேட்டிம் தொடர்ந்தார்.

“‘ஆனா பாருங்க, அம்மா இல்லாத புள்ளைக்கு அவரேதான் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்காரு. இன்னிக்கும் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அவருதான் சோறாக்கறாரு. அவளை நான் கூட்டிட்டு வந்துட்டா அவரு யாருக்கு ஆக்குவாரு? அவரையும் எங்கூட்டுக்கே கூட்டிட்டு வந்தரணும். வாடகை ஊடுதான், ரெண்டு ரூம்தான். மொறைச்சுட்டே இருக்கட்டும், பரவாயில்லை.’ அதோட டீ வந்துருச்சுங்க.”

சொந்த வீடு போயே போச்சு. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரும்பு மனிதர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

“நான் அவ்வளவா மொறைக்கறேன்?”

“அது எனக்குத் தெரியாதுங்க. அது அவரோட வார்த்தைங்க” என்றார் வெர்பேட்டிம்.

அப்பா சிரித்துவிட்டார். சமையலறையிலிருந்து சுகன்யா சிரித்தாள். வெத்தலை பாக்கு மாத்திக்கலாமுங்க என்று அவர் சொன்னபோது நான் ஜெயித்துவிட்டேன், ஊட்டி மலை முழுக்க எனக்குத்தான் சொந்தம் என்று இருந்தது.

வெளியே வந்ததும் வெர்பேட்டிமின் ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னேன்.

இப்போது மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் சமையல். சாப்பிட வெர்பேட்டிம் வந்துவிடுவார். அன்னிக்கு வெளிய போயி இவரு என்னதான் சொன்னாருங்க என்று சுகன்யா இன்றுவரை விடாமல் கேட்கிறாள். வெர்பேட்டிம் என்னைப் பார்ப்பதில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டு, “மறந்துபோச்சுங்க” என்கிறார்.

அவராவது, மறப்பதாவது.