மாத்தே குடிக்காதவர்களின் இரத்த அழுத்தம்

சில்வானாவின் ஆராய்ச்சியில் மாத்தே குடிக்கும் குழுவும் மாத்தே குடிக்காத குழுவும் ஒரே குவளையில் குடித்துக்கொண்டிருந்தன.

பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துவர அவள் உள்ளே போயிருந்தாள். அவ்வளவுதான். திரும்பி வருவதற்குள், இலைகளை வெந்நீரில் ஊறவைத்த அந்த மாத்தேக் குவளை காத்திருப்பு அறையை ஒரு சுற்று முடித்து, வால்டரின் கைக்கு வந்திருந்தது.

"வால்டர் ஐயா, நீங்க குடிக்கக் கூடாத குழு."

"நான் எங்கம்மா குடிச்சேன்? எல்பா நீட்டினாங்க, வாங்கினேன்."

"வாங்கி?"

"வாங்கி அப்படியே வெச்சிருந்தா அடுத்த ஆளுக்கு எப்படிப் போகும்?"

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான வால்டர் உறிஞ்சுகுழலில் மிச்சத்தையும் இழுத்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார். உருகுவேயின் தலைநகரான மொந்தெவிதேயோவில் இதற்கு மேல் வாதாட முடியாது. சுற்றி வரும் மாத்தேயை ஒருவன் வேண்டாம் என்றால், ஒன்று அவனுக்கு வயிற்றில் புண் இருக்க வேண்டும், அல்லது மனத்தில் ஏதோ இருக்க வேண்டும்.

மாத்தே இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது பேராசிரியர் இரிசாரியின் கருத்து. அதை நிரூபிப்பது சில்வானாவின் வேலை. இதயநோய் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் என்பது பெரும்பாலும் இந்த வேலைப் பங்கீடுதான். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்களில் யாருக்கும் நோயில்லை, யாரும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இல்லை. அதுதான் நிபந்தனை.

இரிசாரி உருகுவேயில் பிறந்து தேநீர் குடிக்கும் மனிதர். அன்று கையில் தேநீர்க் கோப்பையோடு காத்திருப்பு அறைக்கே வந்தார்.

"ரெண்டு குழுவுக்கும் ஒரே பிரஷர். எப்படிம்மா?"

"ஒரே குவளை, சார்."

"பிரிச்சு உட்கார வை. இது மட்டும் முடியட்டும். ஆஸ்பத்திரி, ஆபீஸ், பஸ், எங்கேயும் இந்தக் கஷாயத்தை யாரும் தொடக் கூடாதுன்னு அமைச்சருக்கே எழுதப்போறேன்."

எல்பா அம்மாள் தன் பெரிய கைப்பையை டக்கென்று மூடினார். தையல்காரி. கணவர் இறந்த பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆராய்ச்சியில் சேர்ந்தவர். மாத்தே குழுவுக்கு வெந்நீர் ஊற்றித் தருவது அவர்தான்.

சில்வானா இரண்டு குழுக்களையும் இரண்டு அறைகளில் உட்கார வைத்தாள். நடுவில் கண்ணாடிச் சுவர் இருந்தது. மாத்தே கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய அழுத்தம் ஏறியது.

திரை போட்டாள். இன்னும் ஏறியது.

"சத்தம் கேக்குதும்மா," என்றார் வால்டர். "இப்ப வந்தது கடைசி உறிஞ்சல். எல்பாவோட தண்ணியில சூடு பத்தலை, அதுகூட இங்கிருந்தே தெரியுது."

சத்தம் கேட்காமலிருக்க வானொலி வைத்தாள். அன்று கால்பந்தாட்டம். எதிரணி கடைசி நிமிடத்தில் கோல் போட்டது. அன்றைய எண்களை இரிசாரியிடம் காட்டவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மாத்தே அறையில் வேறு சிக்கல். எல்பா அம்மாள் எல்லாருக்கும் உப்பு பிஸ்கோத்து விநியோகித்துக்கொண்டிருந்தார்.

"எல்பாம்மா, உப்பு பிரஷரை ஏத்தும்."

"ஏத்தினா உனக்கு நல்லதுதானே? உங்க சாருக்கு அதுதானே வேணும்?"

"உப்பு ஏத்தினதை மாத்தே தலையில கட்டினா அது நியாயமில்லையே."

எல்பா அம்மாள் பிஸ்கோத்துப் பொட்டலத்தை மடக்கினார். "நீ நல்ல பொண்ணு. சரி, பிஸ்கோத்து வேண்டாம். ஆளுக்கு ஒரு மிட்டாயாவது தரலாமா?"

"மிட்டாயில உப்பு கிடையாது. தாங்க."

அதன் பிறகு மாத்தே குழுவின் அழுத்தம் இறங்கத் தொடங்கியது.

இரிசாரி கருவியைச் சந்தேகித்தார். மாற்றினார்கள். புதுக் கருவியில் இன்னும் இறங்கியது. சில்வானாவின் காதைச் சந்தேகித்தார். தானே வந்து உட்கார்ந்து அளந்தார். அதில் மேலும் இறங்கியது. அளவு முடிந்து எழுந்த ஒரு அம்மாள் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"எழுந்தா லேசா தலை சுத்துது," என்றார் சந்தோஷமாக.

"சும்மா இரு, ரோசலியா," என்றார் எல்பா அம்மாள்.

குடிக்காத குழுவிலோ பேராசிரியர் கை வைத்த ஒவ்வொருவருக்கும் எகிறியது.

"நான் யூனியன்ல இருந்தவன் சார்," என்று வால்டர் விளக்கினார். "மேலதிகாரி தொட்டா ஏறத்தான் செய்யும்."

இரிசாரி சில்வானாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"குறைஞ்சவங்களைக் கணக்கிலேர்ந்து எடுத்துடு."

"மாத்தே குடிச்ச எல்லாருமே குறைஞ்சிருக்காங்க."

"அப்ப ஒண்ணு செய். ரெண்டு குழுவோட பேரை மட்டும் மாத்திப் போடு. எண்ணைத் தொட வேண்டாம்."

"அதுக்குப் பேர் பொய் சார்."

"அதுக்குப் பேர் திருத்தம். அடுத்த வாரம் பல்கலைக்கழகக் குழு உன்னை விசாரிக்கும். நீ தொடரலாம்னு நான் சொன்னாத்தான் தொடருவே. இல்லைன்னா மூணு வருஷப் படிப்பை மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போ."

சில்வானாவின் ஊர் பைசாந்தூ. அங்கே அவளுடைய அப்பா இறைச்சிக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'என் பொண்ணு இதய டாக்டர்' என்று சொல்லிக் கூடுதலாக ஒரு துண்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணை நாளன்று அரங்கின் கடைசி இரண்டு வரிசைகள் நிரம்பியிருந்தன. அழைக்காமலே இரண்டு குழுக்களும் வந்திருந்தன. ஒவ்வொருவர் அக்குளிலும் மாத்தேக்கு ஒரு வெந்நீர்க் குடுவை இருந்தது.

விசாரணைக் குழுவின் தலைவி கேட்டார்: "உங்க வழிகாட்டியே இந்த முடிவு தப்புன்னு எழுதிக் கொடுத்திருக்காரே?"

சில்வானா எழுந்து நின்றாள்.

"சார்கிட்ட இருக்கிறது கருத்து. என்கிட்ட இருக்கிறது அளவு. அறையை மாத்தினோம், கருவியை மாத்தினோம், கடைசியில ஆளையே மாத்தி சார் கையாலேயே அளந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். குழுவோட பேரை மாத்திப் போடச் சொன்னார், மாட்டேன்னேன். இப்பவும் மாட்டேன். பொய் சொன்னாத்தான் பட்டம்னா அது உங்ககிட்டயே இருக்கட்டும். மாத்தே குடிச்சவங்களுக்கு பிரஷர் குறைஞ்சது. நான் அளந்தேன். அவ்வளவுதான்."

பின்வரிசையில் யாரோ குடுவையை நாற்காலியில் தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். தலைவி அமைதியாக இருக்கும்படி சொல்லவேயில்லை.

அரை மணி நேரத்தில் முடிவு சொன்னார்கள். சில்வானா தொடரலாம், வேறு வழிகாட்டியின் கீழ். கண்டுபிடிப்பு அபூர்வமானது, உடனே வெளியிட வேண்டும். இரிசாரி எழுந்து போனார். தேநீர்க் கோப்பையை மேசையிலேயே மறந்துவிட்டார்.

நடைகூடத்தில் எல்பா அம்மாள் சில்வானாவைக் கட்டிக்கொண்டார்.

"என்னடி இது, நெஞ்சு இப்படி அடிச்சுக்குது?"

"பயம் எல்பாம்மா. இப்பத்தான் வருது."

"அவ்வளவு பேர் முன்னாடி நின்னு பேசிட்டு இப்பவா பயம்? இந்தா, நீயும் ஒண்ணு போட்டுக்கோ. சீக்கிரம் அடங்கிடும்." கைப்பை டக்கென்று திறந்து மூடியது.

சில்வானா வாயில் போட்டுக்கொண்டாள். அவள் முகம் சுளித்தது.

"மிட்டாய் கசக்குதே?"

"கசக்காம என்ன செய்யும், என் வீட்டுக்காரர் வெச்சுட்டுப் போன பிரஷர் மாத்திரைதானே அது? உங்க சார் மாத்தேயை நிறுத்தறேன்னு கிளம்பினதுக்கப்புறம் எங்க குழு மொத்தமும் இதைத்தான் போட்டுக்கிட்டிருக்கோம்."