மாமாவோட கோவம் ஆற வேணாம், பென்னி

கர்த்தருக்குள்ள பிரியமான மருமவன், டிராபிக் போலீஸ் பென்னிக்கு உன் அத்தை விக்டோரியா எழுதிக்கிறது. ஆண்டவர் கிருபையால நாங்க சுகம். உன் மாமா யேசுதாஸ் சுகம், உம்மேல அவருக்கு இருக்குற கோவமும் கொறையில்லாம சுகமா கீது.

போன மாசம் ராங் சைடுல, ஹெல்மெட்டு இல்லாம, என்னையும் பின்னால ஒக்கார வெச்சிக்கினு வந்தவர நீ கைகாட்டி நிறுத்தி சலான் போட்டியே, அன்னிலேர்ந்து அவரு உம்பேரச் சொல்றதில்ல, "அந்த ஆளு"ன்றாரு. நீ ஊட்டுக்கு வந்து சாரி கேக்கப்போறன்னு உங்கம்மா மெர்சி சொல்லிச்சு. தம்பி, ஒன்ன கெஞ்சிக் கேக்குறேன், வராத. இன்னாத்துக்குன்னா, மறுநாளே போயி ஹெல்மெட்டு வாங்கியாந்துட்டாரு, கண்ணாடிய எறக்கி வுட்டுக்கினுதான் போறாரு, அந்த ஆளு அவரு மூஞ்சிய பாக்கக் கூடாதாம். யூ-டர்னு தூரம்னு பேஜாரு பண்ற மனுசன் இப்ப முழுசா சுத்திக்கினு போறாரு, "திரும்ப சலான் எழுதுற சந்தோஷத்த அவனுக்கு நான் குடுப்பனா"ன்னு. யாருமே இல்லாத ரோட்டுல செவப்பு லைட்டுக்கு நின்னுக்கினு, பின்னால ஆரன் அடிச்ச லாரிக்காரன்கிட்ட, "என் தங்கச்சி மவன் எங்கியோ ஒளிஞ்சிக்கினு பாக்குறான், ஒனக்கு வோணும்னா நீ போய்யா"ன்னாரு.

கல்யாணம் ஆனதுலேர்ந்து வெள்ளிக்கிழமையில உபவாசம் இருந்து நான் கேட்டதுதான் இது. ஆண்டவரு தேவதூதன அனுப்புவாருன்னு பாத்தேன், சலான் மெஷினோட ஒன்ன அனுப்பிச்சிட்டாரு. தேர்வாய் கண்டிகைக்கு வேலைக்குப் போன நம்ம பக்கத்து ஊட்டு ஆசீர்வாதம் அண்ணன் இதே மாதிரி ராங்குல போயி, லாரிக்கு அடியில ஒரு கால வுட்டுட்டு ஊட்டோட கீறாரு. அவருக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்தா, மொதல்ல உன் மாமா காலத்தான் பாப்பேன். ரெண்டும் கீது. நிம்மதியா தூங்குறேன். பாஸ்டரு சமாதானம் ஆவுங்கன்றாரு. நானும் ஆமென்னு சொல்லிட்டு, மனசுக்குள்ள "இப்ப வாணாம் ஆண்டவரே"ன்னுக்கினேன்.

அதனால உன் கல்யாணத்துல பாத்தாகூட மொறச்சிக்கினே இரு. போன்ல பேசினா பக்கத்துல ஒக்காந்து கேப்பாரு, அதான் எழுதி, காக்களூர் கம்பெனி பஸ்ஸுல போற நம்ம பொண்ணு சுகிர்தா கையில குடுத்தனுப்புறேன். உன் சிக்னலாண்ட எறங்கிக் குடுக்கும்.

வெயில்ல நிக்கிற ஒன்ன ஆண்டவர் நெழலா மூடிக்கட்டும். மோரு நெறைய குடி.

இப்படிக்கு,
உன் அத்தை விக்டோரியா

பி.கு: இத மடிக்கும்போது உங்கம்மா இவருக்குப் போன் போட்டு, "அண்ணா, தாய்மாமன் இல்லாம எம்புள்ளைக்குக் கல்யாணமா"ன்னு அழுதிச்சு. மனுசன் அப்பிடியே கரைஞ்சிட்டாரு. நாஷ்டா கூட வாணாமாம், சிக்னல்லயே ஒன்னக் கட்டிப் புடிக்கப் போறேன்னு சட்ட மாத்திக்கினு கீறாரு. ஹெல்மெட்டு எங்கன்னு கேட்டா, "மருமவன் என் மூஞ்சிய பாக்க வேணாவா"ன்றாரு. சுத்தி வர்றதுக்கும் பொறுமை இல்லியாம், ராங்குலயே வர்றாராம். சுகிர்தா பஸ்ஸு முந்திக்கும். அவரு கட்டிப் புடிச்சா புடிக்கட்டும் தம்பி, நீ மொதல்ல சலான போடு.