விசிலடிக்காத ரயில்

"ரேடியோக்காரரே, ரயில் விசிலடிக்க மாட்டேங்குது" என்றார் மாமனார். எட்டு வருடத்தில் முதல் முறையாக மருமகனுக்கு நாற்காலியும் காட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து மருமகனுக்கு அவர் வைத்த பெயர் "ரேடியோக்காரர்"தான். மகள் தன்னைக் கேட்காமல் ஒரு ரேடியோ ரிப்பேர்காரனைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்ற கடுப்பு. ஒரே ஒரு தடவை அவர் வாயால் "மாப்பிள்ளை" என்று கேட்டுவிட மாட்டோமா என்று மருமகன் ஏங்கிக் கிடந்தான். இதோ, சந்தர்ப்பம் வீடு தேடி வந்துவிட்டது.

ரயில் என்றால் பொம்மை ரயில். மாமனார் சின்ன வயதிலிருந்து வைத்திருக்கும் தகர நீராவி எஞ்சின். தினமும் மாலை ஐந்து மணிக்குக் கூடத்தைச் சுற்றி வரும். சமையலறை வாசலைத் தாண்டும்போது தவறாமல் விசிலடிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் மாமனார் காபியைத் தொடுவார். பத்து நாளாக விசிலும் இல்லை, காபியும் இல்லை.

மருமகன் எஞ்சினுக்குப் பின்னாலிருந்த கரிப்பெட்டியைத் திறந்தான். குட்டி மோட்டார், காற்றடிக்கும் விசிறி, ஊதல் எல்லாம் துருவேறி ஒரே கட்டியாகக் கிடந்தன. பத்து நாளில் இவ்வளவு துருவா என்று வியந்தபடி எண்ணெய் விட்டான். மோட்டார் சுற்றியது. விசில் வரவில்லை, எண்ணெய் முழுவதும் மாமனாரின் வெள்ளைச் சட்டைக்கு வந்து சேர்ந்தது.

குபுகுபு சத்தத்தையாவது கூட்டிக் காட்டலாம் என்று, சக்கரத்தில் உரசும் உப்புத்தாளை மாற்றினான். அடிப்பிடித்த பாத்திரத்தை யார் இப்படிச் சுரண்டுவது என்று மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரித்தார்.

மாமியார் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தார். மாமனார் நிமிர்ந்து பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். முன்பல் இரண்டைப் பிடுங்கியதிலிருந்தே அவருக்குப் பேசக் கூச்சம்.

மருமகன் விடுவதாக இல்லை. கரிப்பெட்டிக்குள் ஸ்பீக்கரும் குட்டி ஆம்ப்ளிஃபயரும் வைத்து, தன் கடையிலேயே பதிவு செய்த விசிலையும் சேர்த்தான். தண்டவாளம் ஏரியல் ஆகும் என்று ரேடியோக்காரனே எதிர்பார்க்கவில்லை. சமையலறை வாசலில் ரயில் கணீரென்று ரேடியோ விளம்பரக் குரலில் பேசியது: "மூன்று நாளாக மலச்சிக்கலா? கவலையை விடுங்கள்."

"விசிலடிக்கச் சொன்னா வைத்தியம் சொல்லுது" என்றார் மாமனார். நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மருமகன் தோல்வியை ஒப்புக்கொள்ள வந்தான். போட்டதையெல்லாம் கழற்றி, பழைய ஊதலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் கூடாக ரயிலை ஓடவிட்டான். அது ஒரு சுற்று முடிப்பதற்குள் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தான்.

சமையலறை வாசலில் ரயில் நீளமாக, இனிமையாக விசிலடித்தது.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, நீங்க கைகாரர்" என்றார்.

மருமகன் இன்னொரு கையால் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். ஊதல் பத்திரமாக இருந்தது.

மாமியார் காபியோடு வந்தார். பளிச்சென்று சிரித்தபடி மருமகனிடம் தம்ளரை நீட்டி, காதருகே குனிந்தார்.

"வாயைத் திறந்துடாதீங்க மாப்பிள்ளை. முப்பது வருஷமா அந்த விசில் நான்தான். இன்னிக்குத்தான் பல்லு கட்டிட்டு வந்தேன்."