தும்மல் வராத பொடி டப்பா

இந்தச் சாரல் பருவத்தில் குற்றாலம் ஐந்தருவியில் குளிக்காமல் விடுவதில்லை என்று தென்காசி சிவனணைந்தபெருமாள் பிள்ளை சபதம் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி பேசியாயிற்று. துண்டும் எண்ணெயும் எடுத்து வைத்தாயிற்று. முழங்கால்தான் தயாரில்லை. இரண்டு மூட்டும் வீங்கிக் கிடந்தன. நாற்காலியை விட்டு அவரை எழுப்ப, தேரிழுக்கிற மாதிரி ஆள் வேண்டியிருந்தது.

டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தார். சாப்பிட்ட பிறகு ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று. மிஞ்சினால் வயிறு எரியும், காது இரையும், அப்புறம் காதே அடைத்துப்போகும் என்றும் சொல்லியிருந்தார். அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டது பிள்ளை அல்ல, மனைவி குழல்வாய்மொழி. அன்றே குப்பி அவள் பெட்டிக்குள் போயிற்று, சாவி இடுப்புக்குப் போயிற்று.

மூன்று மாத்திரையில் வலி பாதிதான் குறைந்தது. அருவிக்குப் பாதிக் காலோடு போக முடியுமா? சிநேகிதன் பீர் மைதீனிடம் சொல்லி ரகசியமாக இன்னொரு குப்பி வாங்கினார். மாத்திரைகளைத் தன் மூக்குப்பொடி டப்பாவில் பதுக்கினார். பொடி போடுகிற பாவனையில் திறப்பார், லபக்கென்று விழுங்குவார்.

வலி பறந்தது. பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்து தீர்த்தார். வயிறு எரிந்தது. காதுக்குள் ஒரு வண்டு வந்து குடியேறியது. 'ஞாயிறு வரைக்கும் பொறுடா' என்று வண்டைக் கெஞ்சிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை குழல்வாய்மொழி எதிரே வந்து நின்றாள்.

"பொடி ரொம்பப் போடுதிய போல. மூணு நாளா ஒரு தும்மலக் காணுமே?"

"பழகிப்போச்சுட்டி."

"இருவது வருசமா பழகாதது இப்பம் பழகிட்டாக்கும்?"

உள்ளே போனவள் காப்பியோடு திரும்பி வந்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"என்னட்டி சொல்லுத?"

மறுபடியும் அசைந்தது. கண்ணை உருட்டி, கையை ஆட்டி, நீளமாக அசைந்தது. பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டு முத்துவடிவும் அவரைப் பார்த்து வாயை அசைத்தாள். கேட்பது வெளியே சாரலா, உள்ளே வண்டா என்றுகூடப் பிள்ளைக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"ஐயோ, காது போச்சே! ஏட்டி, டப்பாவுல பொடி இல்ல, மாத்திரை! ஒரு நாளைக்கு எட்டு தின்னுட்டேன்! இனிமே தொடமாட்டேன். அருவிக்கும் போவல, குத்தாலநாதர் மேல சத்தியம்!"

டப்பாவை அவள் கையில் திணித்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, முத்துவடிவோடு அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்து அவள் குரல் குசுகுசுவென்று வந்தது.

"பேசின வண்டிய எதுக்கு விடணும் மயினி? நாளைக்கு நாம ரெண்டு பேரும் அருவிக்குப் போயிருவோம்."

ஓர் எழுத்து விடாமல் பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்டது.